முதுகில் போட்ட ஊசி, தலைக்கு ஊற்றிய தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கக் குனிந்தேன். பல மாதமாகப் படுத்தும் முதுகு; நிமிர முடியவில்லை. "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

கடைக்கார அக்கா ஓடிவந்தார். "உனக்குப் பிள்ளை ஆபரேஷன்லயா பொறந்துச்சு? முதுகுல ஊசி போட்டாங்களா?"

"ஆமாக்கா. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப அதுதான் லா. ஊசி போட்ட இடம் ஆயுசுக்கும் வலிக்கும்."

பக்கத்தில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா விடவில்லை. "ஊசியாவது ஒண்ணாவது! எனக்கு நாலும் சுகப்பிரசவம். எனக்குந்தான் வலிக்குது. பிள்ளை பெத்து நாப்பது நாளைக்குள்ள தலைக்கு ஊத்துனியா?"

ஊற்றினேன்தான். திருடிபோல் தலையாட்டினேன்.

சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் மாமியார்: "வயித்தைத் துணியால கட்டச் சொன்னேன். வேர்க்குதுன்னு அவுத்துப் போட்டியே!" எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவோ, உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்கிறார்.

யாரை நம்புவது? சிரித்துவிட்டுப் போகலாம்... ஆனால் இந்த முதுகுக்குப் பயந்து என் மகள் யாழினியைத் தூக்கிப் பல மாதமாகிறது. முதலில் கையை நீட்டுவாள். "அம்மாக்கு வலிக்குதுடா" என்பேன். இப்போது நீட்டுவதே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். தமிழ்ப் பெண். எடுத்த எடுப்பில், "எதனால வலிக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார். அடடா, அதைக் கேட்கத்தானே வந்தேன்! எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிக்காமல் கேட்டார். குனிய வைத்து, திருப்பி, அழுத்திப் பார்த்தார்.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லக்கா. பயந்து பயந்து அசையாம வச்சிருக்கீங்க. மெதுவா குனிங்க, தூக்குங்க."

"பிள்ளையைக்கூடவா?"

"பிள்ளையையும்தான்."

"அப்ப ஏன் வலிக்குது?"

"இதுதான்னு ஒரே காரணம் சொல்ல முடியாதுக்கா."

இது என்ன பதில்? நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள். படித்தவர் ஒன்றுகூடத் தரவில்லையே! ரயிலில் வரும்போது இன்னொன்றும் உறைத்தது. ஊசிக்குச் சம்மதித்தது நான், குளித்தது நான், வயிற்றுக் கட்டை அவிழ்த்தது நான். எந்தக் காரணத்தை எடுத்தாலும் தப்பு மட்டும் எப்படி என் தலையிலேயே வந்து விடிகிறது? குழப்பம்தான் கூடியது.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே எதிர்வீட்டு அக்காவோடு யாழினி விளையாடிக்கொண்டிருந்தாள். குனிந்து கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"வேணாம். அம்மாக்கு வலிக்கும் லா."

அழுகையே வந்துவிட்டது. வாரித் தூக்கிவிட்டேன். வலித்ததா? வலித்தது. இறக்கிவிட மட்டும் மனம் வரவில்லை. லிஃப்ட் வந்தது, வீடும் வந்தது... கழுத்தைக் கட்டிய கையை அவளும் விடவில்லை.

என் மாமியாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் — நாளைக்கு வலித்தால் ஐந்தாவது காரணம் தயார்!