கோமதி மாமியின் கிரைண்டரும் ஹரியின் மின்சாரக் காரும்

காரை விற்பது சுலபம். விற்ற காரோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். எனக்குச் சம்பளம் அந்தக் குடித்தனத்துக்குத்தான்.

திருவனந்தபுரத்தில், விலையுயர்ந்த மின்சாரக் கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் நான் ரிலேஷன்ஷிப் மானேஜர். வண்டி வாங்கியவர் போன் செய்தால் எடுக்க வேண்டும், கத்தினால் கேட்க வேண்டும், எல்லாம் முடிந்தபின் “வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?” என்று குரலில் சிரிப்போடு கேட்க வேண்டும். இந்த மாதிரி வேலையில் வயிறு வளர்க்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உங்களுக்கு விடுதலை. எனக்கு அதுவும் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் வலியசாலையில் எங்கள் தெருவிலேயே, ஒரு வீடு தள்ளி இருக்கிறார். ஷோரூமில் அவர் ஹரிஹரன் சார், தெருவில் ஹரி அண்ணா. கழக்கூட்டத்தில் சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது கோமதி மாமியின் வீடு. அந்த நடு வீட்டால்தான் இந்தக் கதையெல்லாம்.

கண் மூடித் திறப்பதற்குள்

ஹரி அண்ணாவை டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போன இடம் கழக்கூட்டம் நெடுஞ்சாலை. அவருடைய விருப்பம் அது. ஆபீஸ் ஆட்கள் பார்க்க வேண்டுமாம். “கண் மூடித் திறக்கறதுக்குள்ள நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் சார்” என்று நான் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். முன்னால் லாரி, பின்னால் கம்பெனி பஸ், பக்கத்தில் நகராத கார் வரிசை. கண்ணை மூடி ஒரு தூக்கமே போட்டிருக்கலாம், வண்டி அங்கேயேதான் நின்றிருக்கும்.

அப்போது பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவர் ஷாஜி. கோமதி மாமி அரைக்கும் இட்லி மாவைக் கழக்கூட்டத்து ஹாஸ்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஹரி அண்ணா கண்ணாடியை இறக்கி, “ஷாஜி, இது முழுக்க கரண்ட் வண்டி. ஒரு துளி புகை வராது” என்றார். ஷாஜி எங்கள் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு தன் ஆட்டோவைத் தட்டிக் காட்டி மலையாளத்தில் சொன்னார்: “இதும் கரண்டு தன்னே சாரே. இப்போ நம்மள் ரண்டு பேரும் ஒண்ணிச்சல்லே நிக்குந்நது?”

எலுமிச்சம்பழம்

புது வண்டிக்குப் பூஜை வீட்டு வாசலில் நடந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எங்கள் தெரு சாஸ்திரிகள் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்று, “ஸ்டார்ட் பண்ணுங்கோ, சத்தம் கேட்டதும் நான் நகர்ந்துக்கறேன்” என்றார். இத்தனை வருஷமாக அவருக்கு அதுதான் கணக்கு. இன்ஜின் உறுமினால் ஒதுங்குவார்.

உறுமாத வண்டிக்கு அவர் என்ன செய்வார்? ஹரி அண்ணா எப்போதோ ஸ்டார்ட் செய்துவிட்டார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, பழத்தை நசுக்கி, அவர் வேட்டி நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாஸ்திரிகள் ஒரே தாவலில் வாசல்படி ஏறினார், கற்பூரம் சாக்கடையில். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடனே ஹரி அண்ணா உள்ளே எதையோ அழுத்தினார். ஸ்பீக்கரில் ஒரு பந்தயக் கார் உறுமத் தொடங்கியது. அது எங்கள் வண்டியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வசதி. சாஸ்திரிகள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “சத்தம் வேண்டாம்னு ஒரு வண்டி வாங்குவானேன், அதுக்குச் சத்தத்தை வெலை குடுத்து வாங்குவானேன்?”

ஃபேன் சுற்றாத சாயங்காலம்

இனிமேல்தான் என் தலைவேதனை. வீட்டில் சார்ஜர் வைப்பதற்கு முன் கூடுதல் மின்சாரத்துக்கு எழுதிக் கொடுங்கள், மூன்று ஃபேஸ் இணைப்பு வந்த பிறகு பூட்டலாம் என்று ஹரி அண்ணாவிடம் வாய் வலிக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். வரும்வரை காத்திருக்கத்தான் மனசில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இருக்கிற பழைய இணைப்பிலேயே சார்ஜரைப் பூட்டிவிட்டார். எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் அதே ஃபேஸ், அவர் இழுத்தால் எங்களுக்குக் குறையும்.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து காரில் வயரைச் சொருகுவார். எங்கள் வீட்டு ஃபேன் இறக்கைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். எங்களுக்கு வியர்வையோடு போயிற்று. கோமதி மாமிக்கு அப்படி இல்லை. மாமா கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்தவர், முட்டி போனதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். குடும்பம் ஓடுவது மாமியின் கிரைண்டரில். சாயங்காலம் அரைத்தால்தான் காலையில் ஹாஸ்டல்களுக்கு மாவு பொங்கி இருக்கும். ஒரு நாள் மாமி ஒரு கிண்ணத்தில் மாவோடு என் வீட்டுக்கு வந்தார். விரலால் தொட்டுப் பார்த்தேன், ரவை மாதிரி இருந்தது.

“தொட்டுப் பாத்தியோன்னோ? கல்லு சுத்தலைடி, முனகறது. இன்னொரு தரம் இப்படி வந்தா வேற எடம் பாத்துக்கறேன்னு ஹாஸ்டல்காரி சொல்லிட்டா. நீதானே வித்தே? நீயே போய்க் கேளு.”

போய்க் கேட்டேன். ஷோரூம் குரலில் கேட்பதா, தெருக் குரலில் கேட்பதா என்று தெரியாமல் இரண்டும் கலந்து கேட்டேன். ஹரி அண்ணா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “லலிதா, நான் பூமியைக் காப்பாத்த இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன். இவா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்படாதோ?”

தீர்வு ஒன்று

என் வார்த்தை வீண்போகவில்லை. அடுத்த வாரமே ஒரு வேன் வந்து ஹரி அண்ணா வீட்டு வாசலில், காரைச் சார்ஜ் செய்யவென்று, டீசல் ஜெனரேட்டரை இறக்கியது. அன்று சாயங்காலம் எங்கள் ஃபேன் ஜம்மென்று சுற்றியது. ஜன்னலைத்தான் திறக்க முடியவில்லை. தெரு முழுக்கக் கருப்புப் புகை. அந்தச் சத்தத்தில் கோயில் மணி கேட்கவில்லை. மாமி மாவுப் பாத்திரங்களைத் துணியால் மூடி, துணிமேல் தட்டு வைத்து, தட்டுக்கு மேல் இன்னொரு துணி போட்டார். அப்படியும் காலையில் மாவில் டீசல் வாடை. ஹாஸ்டலிலிருந்து இரண்டு பாத்திரம் திரும்பி வந்தது. திருப்பிக் கொண்டுவந்த ஷாஜிக்கே முகம் செத்துவிட்டது. மாமி வாசலில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் உத்தியோகம் எல்லாம் மறந்துபோயிற்று. “அண்ணா, புகையில்லாத காருக்கு டீசல் போட்டு சார்ஜ் பண்றேளே, இது என்ன நியாயம்?” என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவர் கொஞ்சமும் கலங்காமல் பதில் சொன்னார்: “காரா புகை விடறது? ஜெனரேட்டர்னா விடறது!”

முறை

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. கோயில் மண்டபத்தில் தெரு முழுக்கக் கூடியது. எங்கள் தெருவில் உற்சவம் என்றால் இன்ன நாள் இன்ன வீட்டு முறை என்று உண்டு. அவரவர் முறையை அவரவர் செய்வார்கள், அடுத்த வீட்டு முறையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்ச் சண்டையாகிற சமயத்தில் மாமி எழுந்தார். “பெருமாளுக்கு முறை வச்சிண்டிருக்கோம். கரண்டுக்கு வச்சா என்ன? ஹரிக்குப் புது லைன் வரவரைக்கும்தானே?” என்றார்.

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மாமியின் கிரைண்டர். ராத்திரி எல்லார் வீட்டு ஏசியும். விடிகாலை மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றும் நேரம். மிச்சம் இருந்தது உச்சிப்பொழுது, அதை வாரத்தில் இரண்டு நாள் காருக்குக் கொடுத்தார்கள். ஜெனரேட்டருக்கு முறையே கிடையாது. ஹரி அண்ணா பதறிப்போனார். ஊர்ப் பொது சார்ஜிங் இடத்தில் டாக்ஸிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க அவருக்குப் பிடிக்காது, ஆபீஸோ வாடகைக் கட்டடம், அங்கே சார்ஜர் வைக்க ஓனர் சம்மதிக்கவில்லை. “மத்தியானம் நானும் காரும் கழக்கூட்டத்துல இருப்போமே மாமி!” என்றார். மாமி உட்கார்ந்தபடியே சொன்னார்: “நீ போ. காரு இருக்கட்டும்.”

திருப்தி விசாரணை

மாதம் ஒரு முறை வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து, வண்டி திருப்தியா என்று கேட்பது எங்கள் ஷோரூம் வழக்கம். ஹரிஹரன் சார் நம்பரைப் போட்டபோது காலை நேரம், அன்று காருக்கு முறை நாள். எதிர்முனையில் ஒரே காற்றுச் சத்தம். “வண்டி எப்படி இருக்கு சார்?” என்றேன். ஷோரூம் குரல்தான்.

“வீட்டுல இருக்கு” என்றார் எரிச்சலோடு. டாக்ஸி கூப்பிட்டு வரவில்லையாம், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதாம், மாமிதான் பிடித்து ஷாஜியின் ஆட்டோவில் ஏற்றிவிட்டாராம். காலுக்கு நடுவில் ஒரு மாவுப் பாத்திரம், மடியில் ஒன்று. ஹாஸ்டல்காரி பழையபடி முழு ஆர்டரும் கொடுத்துவிட்டாராம், அதையும் அவரே சொன்னார், ஏதோ தானே அரைத்தது போல. “வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?” என்று நான் கேட்பதற்குள் ஷாஜியின் குரல் குறுக்கே வந்தது: “சாரே, போன் வெச்சிட்டு மாவு பிடிச்சோ, வளைவு வருந்நு!”

காற்றைக் கெடுக்காத கார் என்று எங்கள் விளம்பரத்தில் போட்டிருப்பதை இப்போது நானே நம்புகிறேன், முறை நாளில் அது வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.