அண்ணி சொன்ன பத்தி

பிரசவ வார்டு நர்ஸை வாயால் ஜெயித்தவர் யாருமில்லை. பெரிய டாக்டரே அவளிடம் வாலாட்ட மாட்டார். அப்படிப்பட்டவள் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள், அதுவும் விவாதக் கட்டுரையில். மூன்றாவதும் போனால் ஏஜென்சி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

"எதிர்த்தரப்பை முட்டாளாக்கிட்டு ஜெயிக்கிறீங்க. அதுக்கு மார்க் கிடையாது," என்று பயிற்சி மையத்து மாஸ்டர் தாளைத் தூக்கிப் போட்டார். "அவங்களோட பலமான வாதத்தை முதல்ல நேர்மையா எழுதுங்க. அப்புறம் உடைங்க."

பலமான வாதத்துக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. அண்ணி, அதாவது கணவனின் அக்கா, அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தாள். நர்ஸ் நாலு வயது மகளை விட்டுப் போவது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே அது தெரியும். நர்ஸ் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள்.

"நான் போனா என்ன குடி முழுகிடும் அண்ணி?"

"எழுதிக்கிறியா? நல்லா எழுதிக்கோ. மூணு வருஷம் கழிச்சு பெட்டி நிறைய பொம்மையோட வருவே. உன் பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு, 'யாரு வந்திருக்காங்க'ன்னு என்கிட்ட கேப்பா. அப்ப என்ன பண்ணுவே?"

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு வயித்தெரிச்சல்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே எழுதியும் கொண்டாள்.

பெற்றோர் பிள்ளைகளை விட்டு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகலாமா என்பதுதான் தேர்வில் தலைப்பு. எதிர்த்தரப்புப் பத்தியில் அண்ணியை அப்படியே இறக்கினாள், அந்தக் கதவு உட்பட. அடுத்த பத்தியில் உடைக்க வேண்டும். பேனா நகரவில்லை. கடைசியில் படிப்பு, எதிர்காலம், வீடியோ கால் என்று மாஸ்டர் கொடுத்த சரக்கையே கொட்டினாள். ஒரு வரியைக்கூட அவள் நம்பவில்லை.

பாஸ். எழுத்தில் இதுவரை வாங்காத மார்க்.

"ஜெயிச்சிட்டேன் அண்ணி," என்று போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "அன்னிக்கு நான் கேட்டதுக்கு என்ன பதில் எழுதினே?"

"தினமும் வீடியோ கால்ல பேசுவேன்னு."

"மார்க் போட்டவருக்குப் புள்ள குட்டி இல்லபோல."

நர்ஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணியை ஆயுசு முழுக்க வெறுப்பது என்று முடிவு செய்தாள்.