ஏலத்தில் துடித்த கண்

முதலில் துடித்தது இடது கீழிமை. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்பார்கள். நானும் நல்ல சேதிக்காகக் காத்திருந்தேன். வந்தது யாரும் விரும்பி வாங்காத ஒரு கூடை காரப்பொடி மீன்.

காரைக்கால் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, நெடுங்காட்டில் தெருத்தெருவாக விற்பவள் நான். எங்கள் ஏலத்தில் பழகியவர்கள் வாய்திறந்து கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் கண்ணடித்தால் விலை ஏறும். என் கண் தானாக அடித்தது. வேண்டாத மீனெல்லாம் என் பெயரில் முடிந்தது.

ஏலம் விடும் சேகர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "கொஞ்ச நாளைக்கு முன்னால நிக்காதீங்கக்கா."

பின்னால் நின்றால் நல்ல மீன் கிடைக்காது. வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும். பயந்துபோனேன். நாத்தனாருக்கோ சிரிப்பு. "கண்ணடிக்கிற வயசா அண்ணி இது?"

நரம்பு மருத்துவர் ஸ்கேன் பார்த்து, ஹெமிஃபேஷியல் ஸ்பாசம் (முகத்தின் ஒருபக்கத் தசைகள் தானாகத் துடிக்கும் நோய்) என்றார். ரத்தக்குழாய் ஒன்று முக நரம்பை உரசுகிறதாம். போட்டுலினம் ஊசி (மிகச் சிறிய அளவில் தரப்படும் நச்சு) போடலாம் என்றார். நச்சு என்றதும் தூக்கிவாரிப்போட்டது. அவரே விளக்கினார்:

"குழம்புல மிதக்குற ரெண்டு எண்ணெய்த் துளி தொட்டா ஒண்ணாயிடும்ல? நரம்பு முனையிலயும் குட்டிக் குட்டிப் பை இருக்கும்மா. பையோட சவ்வு நரம்புச் சவ்வோட ஒண்ணானாதான் உள்ள இருக்குற ரசாயனம் வெளிய கொட்டும், தசை அசையும். ரெண்டையும் இழுத்துச் சேர்க்குற புரதத்த இந்த ஊசி வெட்டிடும்."

"அப்புறம் சேரவே சேராதா டாக்டர்?"

"சேரும். மூணு நாலு மாசத்துல திரும்பத் துடிக்கும். திரும்ப ஊசி."

சில நாட்களில் கண் அடங்கியது. முன்வரிசைக்குப் போனேன். சங்கரா மீன் கூடை வந்தது. பழக்கத்தில் கண்ணடித்தேன். இமை பாதியில் நின்றது. சேகர் கவனிக்கவில்லை, கூடை வேறு ஆளுக்குப் போனது. அழுகையே வந்துவிட்டது. அடுத்த கூடையை வாய்விட்டுக் கேட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று: இமை முழுதாக மூடாமல் கண் வறளலாம். மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

முன்பு மீன்பிடித் தடைக்காலம், மழைக்காலம் என்று நாட்களைப் பார்த்தவள், இப்போது முகத்தில் பார்க்கிறேன். கீழிமை லேசாக நெளிந்தால், பைகள் மறுபடி சேரத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். எரிச்சல்தான். ஆனால் வெட்டினாலும் விடாத அந்த நரம்பின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நேற்று ஏலத்தில் கண் அடித்தது. சேகர் விலையை ஏற்றாமல் நிறுத்தினார்.

"அக்கா, கேக்குறது நீங்களா, கண்ணா?"

"கண்ணுதான். நான் கேட்டா சத்தமா கேப்பேன்" என்றேன்.