நாய்ப் பெட்டியில் வந்த பார்சல்

மேல்வீட்டுக்காரர் நேற்று தன் நாயைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். அதற்குச் சொறி. டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை உடம்பெல்லாம் அப்பியிருந்தார்கள். நாய் என்னைக் கடந்துபோன பிறகும் வாடை மட்டும் படிக்கட்டிலேயே நின்றது. என்னதான் வாசனை சேர்த்து ட்யூபில் அடைத்து விற்றாலும் கந்தகம் கந்தகம்தான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"மூச்சு வாங்குதா சார்?" என்று கேட்டார் அவர்.

வாங்கத்தானே செய்யும். ஒரே மூச்சில் ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டு வந்திருக்கிறேன்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். நான் திருத்தணி ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, கோந்து டப்பா, எந்நேரமும் மை கசியும் ஒரு பேனா. ஆனால் அந்தக் கொட்டகைக்கு என்று ஒரு வாசனை இருந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும் லுங்கிக் கட்டுகளின் கஞ்சி வாசனை, மலைக்குப் போகும் பூக்கூடைகள், நனைந்த கோணி, நடுவில் எப்போதாவது யாரோ அனுப்பிய கருவாடு. கண்ணை மூடிக்கொண்டே எந்த மூலையில் எந்த மூட்டை இருக்கிறது என்று சொல்லுவேன். இப்போது வீட்டில் காப்பி தீய்ந்தால்கூட எனக்குத் தெரிவதில்லை என்று மருமகள் குறைபடுகிறாள்.

அந்தக் காலத்தில் கார்டு வண்டியின் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். நாய்ப் பெட்டி. நாயைப் பதிவு செய்து அனுப்பினால் அதற்குள்தான் பிரயாணம். ஒரு ஐப்பசி மாத மழைநாளில் பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. கார்டு டக்ளஸ், அரக்கோணத்து ஆங்கிலோ இந்தியர், அந்தக் கதவைத் திறந்து ஒரு நாயை இழுத்து வெளியே விட்டார். சிவப்பும் கறுப்புமாக ஒரு பெட்டை, உடம்பெல்லாம் சொறி. பாதி நாட்டு நாய், மீதிப் பாதி எந்தச் சீமையோ. கழுத்தில் அட்டை தொங்கியது. மழையில் மை கரைந்து, 'திருத்தணி' என்ற ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை.

"உன் பார்சல் மேன்," என்று என் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் பச்சைக் கொடி காட்டிப் போய்விட்டார்.

யாரும் வரவில்லை. டக்ளஸின் பதிவேட்டில் பார்த்து, அனுப்பிய ஸ்டேஷனுக்கு எழுதினேன். பட்டாளத்துக்காரர் ஒருவர் பதிவு செய்தார், இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது, பார்த்துச் செய்யவும் என்று பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அவிழ்த்து விடச் சொன்னார். அவிழ்த்தும் விட்டேன். அது கொட்டகையைச் சுற்றி ஒரு வலம் வந்து, தராசுத் தட்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. எடை போட வந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பார்சல் என்றே பெயராகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுபோகத் தயக்கமாக இருந்தது. தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தனலட்சுமி என் மனைவி, என் மாமன் மகளும்கூட. பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என்னைப் 'பாவா' என்று கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு இருபது வயசு. அந்த ஆடியில்தான் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் சமைத்தாள், பெருக்கினாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். கேட்டால் 'ஆங்' என்பாள். சில சமயம் அதுவும் இல்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாது. ஆண்பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல யாரும் கற்றுக் கொடுப்பதில்லையே. வேலை முடிந்த பிறகும் கொட்டகையிலேயே மூட்டைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அப்படி இருந்த வீட்டுக்குச் சொறி பிடித்த நாயைக் கூட்டிக்கொண்டு போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில் கட்டினேன். தனம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது?"

"பார்சல். யாரும் வாங்க வர்ல."

உள்ளே போய்விட்டாள். அந்த 'இன்னா இது'வே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

போர்ட்டர் ஏழுமலைதான் வைத்தியம் சொன்னான். "கந்தகத்தப் பொடி பண்ணி புங்க எண்ணெயில காய்ச்சித் தடவு சார். பதினஞ்சே நாளு, பட்டு மாரி ஆயிடும்." நான் காய்ச்சினேன். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிக்னல்காரர் மனைவி ஜன்னலை அறைந்து சாத்தினாள். நாய் என் கைக்கு நிற்கவில்லை, உதறிய உதறலில் பாதி எண்ணெய் என் சட்டையில். மூன்றாம் நாள் தனம் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலின் அடி என்று ஒவ்வோர் இடமாக, அவசரமில்லாமல் தடவினாள். நாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவள் புறங்கையை அது நக்கியபோது அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தை பிறப்பதற்குள் பார்சலுக்கு மயிர் முளைத்து மினுமினுத்தது. டக்ளஸ் பார்த்துவிட்டு விசிலடித்தார். அரக்கோணத்தில் அவர்கள் கிளப் மைதானத்தில் வருஷா வருஷம் நாய்ப் போட்டி நடக்கும், சாதி நாய்கள் தனி, கலப்பு நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி தனி, நீயும் வா மேன் என்றார். பழக்கும் முறையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். 'சிட்' என்றால் உட்கார வேண்டும். 'கம்' என்றால் வர வேண்டும். 'ஸ்டே' என்றால் நாம் கண்ணுக்கு மறைந்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. சொன்னபடி செய்தால் ஒரு துண்டு பொறை ரொட்டி.

தினமும் காலையில் சரக்கு ரயில் நிற்கிற பக்கவாட்டுத் தண்டவாளத்தருகே நின்று 'சிட்! ஸ்டே!' என்று தொண்டை கிழியக் கத்துவேன். மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பார்சல் என்னை மரியாதையோடு பார்க்கும். பொறையைத் தின்னும். வேறொன்றும் செய்யாது. ஏழுமலை ஒருநாள், "சார், நீ உக்காந்து எழுந்திரிக்கறத அது நல்லாக் கத்துக்கினு கீது," என்றான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், மறந்து வைத்துவிட்டு வந்த கொட்டகைச் சாவியை எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. தனத்தின் குரல். வேலியோரம் நின்றுவிட்டேன். துணி உலர்த்திக்கொண்டே அவள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். வெயிலைப் பற்றி, சிக்னல்காரர் மனைவியைப் பற்றி, நைனா அனுப்பிய வேர்க்கடலை சொத்தையாக இருப்பதைப் பற்றி. எதிரில் பார்சல். நடுவில் "கூர்ச்சோ" என்றாள். உட்கார்ந்தது. "உண்டு" என்றாள். தெலுங்கில் அதற்கு 'இரு' என்று அர்த்தம். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடித்து, நிதானமாகத் திரும்பி வந்தாள். நாய் வைத்தது வைத்தபடி இருந்தது. "ரா" என்றதும் பாய்ந்து போய் அவள் முழங்காலில் முகத்தை முட்டியது.

நான் அதட்டி அதட்டி இரண்டு மாதமாகச் செய்ய முடியாததை அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்திருந்தாள். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐந்தாறு மாதம் கழித்து அவள் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிக் கேட்கிறேன். உள்ளே போனால் நின்றுவிடுமோ என்று பயந்து, சாவி இல்லாமலே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று மாலை மெதுவாகக் கேட்டேன். "அரக்கோணம் வரியா தனம்? நாயி ஓங்கிட்டதான் கேக்குது."

"அத்தினி பேரு எதிர்ல நானா? போ பாவா. நீயே கூட்டினு போ."

"கூடவாவது வா."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "ஆங்," என்றாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் வண்ணக் கொடிகள், பாண்டு வாத்தியம், தொப்பியும் கவுனுமாக அம்மணிகள். குளித்துச் சீவி பவுடர் போட்ட நாய்களுக்கு நடுவில் பார்சல், கோணிக் கயிற்றைத் திரித்துத் தனம் பின்னிய கழுத்துப் பட்டையோடு. நான் ரயில்வே கோட்டு மாட்டிக்கொண்டு வளையத்துக்குள் போனேன். "சிட்!" என்றேன். பார்சல் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தனம் எங்கே என்று தேடியது. "சிட்! சிட்!" சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. நடுவராக வந்திருந்த வெள்ளைக்கார மிருக வைத்தியர் கடிகாரத்தைப் பார்த்தார். டக்ளஸ் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டியதும் டக்ளஸ் கூட்டத்தைப் பார்த்து, "அம்மா, வாங்கோ!" என்று கூப்பிட்டார்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, யாரையும் பார்க்காமல் வளையத்துக்குள் நடந்து வந்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. "கூர்ச்சோ." உட்கார்ந்தது. "ரா." வந்தது. சிரிப்பு நின்றது.

கடைசியில் மூன்று நாய்கள் மிஞ்சின. நாயை உட்கார வைத்துவிட்டு எஜமானர்கள் கூடாரத்தின் பின்னால் மறைந்துகொள்ள வேண்டும். விசில் ஊதியதும் திரும்பி வர வேண்டும். அதுவரை அசையாத நாய்க்கே பரிசு. தனம் "உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு நாய் உடனே எழுந்து ஓடிவிட்டது. விசில் ஊதினார்கள். இன்னொரு நாயின் எஜமானர் திரும்பி வந்தார். தனம் வரவில்லை.

நான் கூடாரத்தின் பின்னால் ஓடினேன். புல்தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தை போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"இன்னா தனம்? விசிலு ஊதியாச்சு."

"இருன்னு சொன்னா இருக்குது பாவா. ஒரு தபாதான் சொன்னேன். அவகிட்ட எத்தினி தபா சொன்னேன்... மடியில போட்டுகினு, உண்டு தல்லி, இரு தாயீன்னு... கேக்கலியே பாவா அவ."

நான் கோட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தவன் நான். அன்றைக்கு என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அரக்கோணத்தில், பாண்டு வாத்தியச் சத்தத்துக்குப் பின்னால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். தேற்றவோ கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவோ யாரும் வரவில்லை.

கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மைதானம் அமைதியாக இருந்தது. வெயிலில் பார்சல் தனியாக உட்கார்ந்திருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது, முன்னங்கால்கள் நடுங்கின. நடுவர் கூப்பிட்டுப் பார்த்தாராம், டக்ளஸ் பிஸ்கட் நீட்டினாராம், அசையவில்லை. தனம் "ரா, தல்லி" என்றாள். அது ஓடி வந்த வேகத்தில் அவளைத் தள்ளியேவிட்டது.

பரிசு மற்ற நாய்க்குத்தான். விசிலுக்கு ஆள் திரும்பவில்லையே. டக்ளஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தனத்திடம் வந்து தன் ரயில்வே தமிழில், "அம்மா, நாய் பாஸு. நீங்கதான் பெயிலு," என்றார். தனம் சிரித்துவிட்டாள். அழுது வீங்கிய முகத்தோடு, வாயைப் பொத்திக்கொண்டு.

சாயங்கால வண்டியில் எங்களைக் கார்டு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார் டக்ளஸ். பார்சலைப் பெட்டிக்குள் அடைக்கவில்லை. அது தனத்தின் காலடியில் தூங்கியது. திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது தனம், "வள்ளிக்கு ஒன்னோட மூக்கு பாவா," என்றாள். குழந்தை போன பிறகு அந்தப் பெயரை நாங்கள் இருவரும் அதுவரை சொல்லவே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர் எங்கள் வீட்டில் மற்றப் பெயர்களைப் போல ஒரு பெயராயிற்று. பின்னால் பிறந்த இரண்டு பையன்களும் தங்களுக்கு வள்ளி என்று ஓர் அக்கா இருந்ததைத் தெரிந்துகொண்டே வளர்ந்தார்கள்.

பார்சல் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. பெரியவன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினான். வயசாகித்தான் போயிற்று, தனத்தின் கையில்.

தனம் போய் ஆறு வருஷமாகிறது. கார்டு வண்டியின் அடியில் அந்தச் சின்னக் கதவு இப்போது கிடையாது. குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். அரக்கோணத்து மைதானம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. டக்ளஸ் குடும்பம் சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. அன்றைக்குப் போட்டி முடிந்ததும் டக்ளஸ் மனைவி தன் பெட்டிக் கேமராவில் தனத்தையும் பார்சலையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். கழுவி அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. மூட்டை கட்டும் அவசரத்தில் மறந்திருப்பார்.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தனத்துக்கு நாற்பது வயசு, மூக்குக் கண்ணாடி. "அம்மா சின்ன வயசுல எப்படிப்பா இருந்தாங்க?" என்று பையன்கள் கேட்பார்கள். கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில், யாருடைய பரணிலோ ஒரு தகரப் பெட்டிக்குள் அந்தப் படம் இருக்கலாம். திறந்து பார்க்கிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். பின்னால் பெயர் எழுதியிருக்காது. யாரோ ஒரு பெண், யாருடைய நாயோ என்று திரும்ப வைத்துவிடுவார்கள்.