ரேடியோ மாமனாருக்கு, சாவி எனக்கு

ஸ்ரீரங்கத்தில் காவேரிக்கரை அம்மா மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுப் பூ வாங்க இறங்கினேன். "சாவியை வச்சிட்டுப் போம்மா, மேட்ச் கேக்கணும்" என்றார் மாமனார். எங்கள் காரில் சாவியைத் திருகினால்தான் ரேடியோ பாடும். அவர் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டார். கியரில் நின்ற வண்டி பாய்ந்து, பூக்கூடையை நசுக்கி நின்றது. பூக்காரம்மாவின் கால் நூலிழையில் தப்பியது.

"பெரியவரே, காரோடவே காவேரியில முழுகப் போறீங்களா?" என்று பூக்காரம்மா கேட்டதில் தப்பே இல்லை.

மறுநாள் பொன்மலை மெக்கானிக்கிடம் போய், சாவி இல்லாமலே ரேடியோ பாட பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்கச் சொன்னேன்.

"பேட்டரி இறங்கிடும்க்கா. நாளைக்கே வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவீங்க" என்று சிரித்தான்.

"அதுக்குத்தான் தனி சுவிட்ச் வைக்கச் சொல்றேன். ஒயர் சூடாகித் தீப்பிடிக்காம இருக்க பேட்டரிகிட்டயே ஃபியூஸும் போடு. போடாம நான் நகர மாட்டேன்."

போட்டான்.

இப்போது மாமனார் நிம்மதியாக மேட்ச் கேட்கிறார். சாவி என் இடுப்பில் இருக்கிறது. திரும்பி வந்ததும் முதலில் அந்த சுவிட்சை அணைக்கிறேன். இதுவரை வண்டியை ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. அந்த மெக்கானிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நன்றாக ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறேன்.