அம்மா வாங்காத அப்பம்

அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். பாஸ்டரின் விரல்களில் திருவிருந்து அப்பம் இருந்தது. அம்மாவின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. குமட்டலாக்கும் என்று கிண்ணத்தை எடுக்க ஓடினேன். குமட்டல் இல்லை.

மன்னார்புரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்குப் புற்றுநோய் ஈரல் வரை போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்ச்சுக்கு வர முடியாதவர்களுக்கு பாஸ்டரே வீடு தேடி வந்து திருவிருந்து கொடுப்பது எங்கள் சபை வழக்கம். அன்று அவருக்குத் துணையாக வந்த உபதேசியார், பழைய ஞாபகத்தில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று எல்லோருக்கும் தட்டில் அப்பம் எடுத்து வைத்துவிட்டார். பாஸ்டர் அதில் ஒன்றை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். மூடியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அந்த ஒன்று அக்காவுடையது. அவள் ஸ்ரீரங்கத்துக் கோயில் குடும்பத்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் மணந்தவள். வேறு மதத்தவரை மணப்பது அந்நிய நுகம் என்று சொல்லி சபைக் கமிட்டி அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. புகுந்த வீட்டிலும் மாமியார் தளிகை பண்ணும் இடத்தில் அவள் கால் வைக்கக் கூடாது. "அங்க அடுப்பங்கரை கிடையாது, இங்க பலிபீடம் கிடையாது. நடுவுல காவிரிப் பாலம் மட்டும்தான் எனக்கு" என்று சிரிப்பாள்.

"இது நான் போட்ட சட்டம் இல்லம்மா" என்றார் பாஸ்டர்.

"சட்டம் தப்புன்னு நான் சொல்லலைங்க ஐயா. அவ மீறினது மீறினதுதான். ஆனா எம்பொண்ணு வெளியில நிக்கறப்ப நான் உள்ள உக்காந்து சாப்பிட மாட்டேன். அவளோட சேத்து என்னையும் வெளிய வச்சிடுங்க."

இதைச் சொன்னது யார்! ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு தயிர் பாக்கெட் வாங்கக்கூட எங்களைக் கடைக்கு விடாதவள். கல்யாணமான புதிதில் அக்காவின் போனை எடுக்க மறுத்தவள்.

நியாயப்பிரமாணமா, அன்பா என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் பட்டிமன்றம் போடுவோம். இரண்டு அணியிலும் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அன்பு வந்தால் சட்டம் தளரும், சட்டம் இறுகினால் அன்பு ஒதுங்கும், எல்லா வாதமும் இந்தத் தடத்தில்தான் ஓடும். அம்மா எந்த அணியிலும் இல்லை. சட்டத்தில் ஒரு எழுத்தையும் அவள் அழிக்கவில்லை. மகளுக்குக் கிடைத்த தண்டனையில் தனக்கும் பங்கு கேட்டாள், அவ்வளவுதான். சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதிலும் அதன் விலை எனக்கு இப்படிப் புரிந்ததில்லை.

ஏனென்றால் திருவிருந்து இல்லாமல் சாவது அம்மாவுக்குச் சாவைவிடப் பெரிய பயம். அக்காவுக்கும் அது தெரியும்.

"நான் சமையக்கட்டுல போய் நிக்கிறேன். நீ வாங்கிக்கம்மா."

"சமையக்கட்டுல நின்னா கர்த்தருக்குத் தெரியாதா?"

பாஸ்டர் தலையைக் குனிந்தபடி கிளம்பிப் போனார்.

அக்காவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. இந்தக் கல்யாணம் பாவம் என்று ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் மைக்கில் அறிக்கையிட வேண்டும். மறுநாள் அவளே ஆரம்பித்தாள். "சொல்லிடறேன்மா. வெறும் வாய் வார்த்தைதானே."

"அந்தப் புள்ளையோட வாழறது பாவம்னு நீ நெனைக்கிறியா?"

"இல்ல."

"அப்ப பொய்ச்சாட்சி சொல்லாத. அதுவும் கட்டளைதான்."

அந்தப் பிள்ளை அப்போது கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் வீங்கிய பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இப்போது அம்மாவுக்கு ஸ்பூனில் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. கண் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறாள். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஞாயிறு வரை தாங்குவாள் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் அக்காவிடம் கேட்டேன். "சபை விதியை மீறினேன்னு மட்டும் சொல்லுவியா? அது உண்மைதானே?"

"சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது."

அம்மாவிடம் குனிந்து சொன்னேன். மறுக்கவில்லை. என் கையை லேசாக அழுத்தினாள். வலியாகவும் இருக்கலாம்.

பாஸ்டர் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கே, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொள்ளும்படி கமிட்டியிடம் பேசச் சொல்லப் போகிறேன். அவர் முடியாது என்றால் கமிட்டிக்காரர்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவேன். உபதேசியாரிடம் போனில் சொல்லிவிட்டேன், டப்பாவைத் தயாராக வைத்திருக்கச் சொல்லி. "எல்லாருக்குமாம்மா?" என்று கேட்டார். எல்லோருக்கும் என்றேன்.