தேனீ கொட்டிய கண்ணோடு ஷிப்டுக்கு

இன்று காலை தேனீப் பெட்டியைத் திறந்தால் இரண்டு அடைகளில் அடையைத் தின்னும் மெழுகுப் புழு வலை கட்டியிருந்தது. அவற்றை அறுத்து எடுப்பதற்குள், இதுவரை சாதுவாக இருந்த தேனீக்களில் ஒன்று இமையில் கொட்டியது. வேலையை முடித்துவிட்டு, வீங்கிய கண்ணோடுதான் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

சூப்பர்வைசர் அக்கா தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரரு அடிச்சாராம்மா? பயப்படாம சொல்லு."

"இல்லக்கா, தேனீ."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றீங்க."

அடுத்த லைனில் வேலை செய்யும் என் கணவர் மதியம் தனியாகச் சாப்பிட்டார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"பெட்டிய யாருக்காவது குடுத்துடலாமா?" என்றார் வீடு திரும்பியதும்.

"முடியாது. நாளைக்கி மிச்ச அடையும் பாக்கணும்."

"அப்ப நானும் வர்றேன். எனக்கும் ஒண்ணு கொட்டட்டும். அப்பத்தான் நம்புவாங்க."

கண் வீக்கத்துக்குக் கைவைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு வேண்டும்.